பார்க் ஸ்டேஷன் இருக்கு, பார்க் எங்கப்பா? (மெட்ராஸ் பீப்பிள்ஸ் பார்க் பழைய கதை)

சூளை_வெட்டிப்பய எழுதியது:

நேத்து மாமனார ரயிலேத்திவிட சென்ட்ரல் போயிருந்தேன். பார்க் ஸ்டேஷன்ல எறங்கி சப்வேல வர்றப்ப என் பொண்ணு, இப்பதான் எழுத்துக்கூட்டி படிக்க ஆரம்பிச்சிருக்கா, போர்டை பாத்துட்டு "அப்பா பார்க்குன்னு போட்டிருக்கே, ஊஞ்சல் எங்க?"ன்னு கேட்டுட்டா. நானும் ஒரு சுத்து திரும்பி பாக்குறேன், இந்தப் பக்கம் ஜி.எச்., அந்தப் பக்கம் சென்ட்ரல், எதிர்ல வெள்ளையா ரிப்பன் பில்டிங், நடுவுல மெட்ரோ. ஒரு மரத்தடி கூட இல்ல. மாமனார் வேற "இங்க ஒரு காலத்துல பெரிய பூங்கா இருந்துச்சு மாப்ள, ஜூ எல்லாம் இருந்துச்சு"ன்னு ஆரம்பிச்சாரு, அதுக்குள்ள வண்டி கெளம்பிடுச்சு. நான் பொறந்ததுல இருந்து சூளைலதான் இருக்கேன், எனக்கே தெரியல, வெக்கமா இருக்கு. தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க. யார் வச்சாங்க, எவ்ளோ பெருசு, எங்க போச்சு?

கலாய்_மன்னன் எழுதியது:

பார்க்கிங் இருக்குல்ல தல, அதான் சுருக்கமா பார்க்

லைப்ரரி_எலி எழுதியது:

அதுக்கு முழுப் பேரு பீப்பிள்ஸ் பார்க், மக்கள் பூங்கா. 1859ல மெட்ராஸ் கவர்னரா வந்த சர் சார்லஸ் ட்ரெவெலியன் போட்ட திட்டம். 116 ஏக்கர். உள்ள 11 குளம், அஞ்சரை மைல் நீளத்துக்கு ரோடு, பேண்டு வாசிக்க ஒரு மேடை, குளிக்கிறதுக்கு பொதுக் குளியலிடம், டென்னிஸ் கோர்ட், அப்புறம் 1863ல இருந்து மிருகக்காட்சி சாலை. இன்னைக்கு நீங்க பாத்தீங்களே ரிப்பன் பில்டிங், பக்கத்துல செங்கல் செவப்பா விக்டோரியா ஹால், அதைத் தாண்டி புறநகர் ரயில் நிக்கிற எடம், பின்னாடி நேரு ஸ்டேடியம், அல்லிக்குளம், இது எல்லாமே அந்தப் பூங்காவோட துண்டுங்கதான். உங்க பொண்ணு கேட்ட ஊஞ்சலை நீங்க தேடுன எடமே பூங்காவோட வாசல் மாதிரிதான்.

பேரைக் கவனிங்க. வெள்ளைக்காரங்களுக்கு மவுண்ட் ரோடு, நுங்கம்பாக்கம் பக்கம் ஏக்கர் கணக்குல தோட்ட வீடு இருந்துச்சு, அவங்களுக்கு காத்து வாங்க தனியா பூங்கா தேவையே இல்ல. நெருக்கிக்கிட்டு கெடந்தது பிளாக் டவுன், இன்னைக்கு நாம ஜார்ஜ் டவுன்னு சொல்ற ஏரியா. அதைச் சுத்தி கோட்டை மதில் வேற. அந்த மதிலுக்கு மேற்கால வெளியில கெடந்த தாழ்வான நெலத்துலதான் பூங்கா வந்துச்சு.

சூளை_வெட்டிப்பய எழுதியது:

116 ஏக்கரா!! செம்மொழிப் பூங்காவே 20 ஏக்கர்தானே, அதுல நடந்தாலே கால் வலிக்குது. கிட்டத்தட்ட ஆறு செம்மொழிப் பூங்கா எங்க வீட்டுக்கு பின்னாடி இருந்திருக்கு, நான் என்னடான்னா பொண்ண கூட்டிக்கிட்டு ஊஞ்சலாட அண்ணா நகர் வரைக்கும் பஸ்ல போயிட்டிருக்கேன்

ரயில்_கிறுக்கன் எழுதியது:

எலி சார் சொன்ன மதில் பத்தி ஒண்ணு சேத்துக்குறேன். சென்ட்ரலை ஒட்டிப் போற வால்டாக்ஸ் ரோடு இருக்குல்ல, அது அந்த மேற்கு மதிலோட தடம்தான். மதில் கட்டுன செலவுக்கு ஊர்க்காரங்க கிட்ட வரி வாங்கலாம்னு கணக்குப் போட்டாங்க, ஜனங்க குடுக்க மாட்டேன்னுட்டாங்க, வரி வரல, பேரு மட்டும் நின்னுடுச்சு. இந்த ஏரியாவுக்கே அப்படி ஒரு ராசி போல. வரி இல்லாத வால்டாக்ஸ் ரோடு, பார்க் இல்லாத பார்க் டவுன், மார்க்கெட் இல்லாத மூர்மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்.

இன்னொண்ணு, நெறைய பேரு சென்ட்ரல்தான் மொதல்ல வந்துச்சு, பூங்கா அப்புறம்னு நெனைக்கிறாங்க. தலைகீழ். மெட்ராசோட மொத ஸ்டேஷன் ராயபுரம், 1856. அங்க நெரிசல் தாங்காம 1873லதான் சென்ட்ரல். அதாவது பூங்காவுக்கு 14 வயசு ஆனப்பறம் ரயில் பக்கத்து வீட்டுக்கு குடிவந்துச்சு. அதுக்கப்புறம் பக்கத்து வீட்டுக்காரன் வேலியை தள்ளித் தள்ளி போட்ட கதையும் இருக்கு, அது பின்னாடி வரும். 1931ல பீச்சுல இருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் விட்டப்ப இங்க நிக்கிற ஸ்டேஷனுக்கு பார்க்குன்னு பேரு இருந்துச்சுன்னா, அன்னைக்கு எறங்குனவன் கண்ணுக்கு மரம் தெரிஞ்சிருக்கும்ல.

திருவொற்றியூர்_தேவி எழுதியது:

ட்ரெவெலியன் நல்ல மனுஷனா இருந்திருக்காரே, இங்க இருக்கிற ஜனங்களுக்குன்னு யோசிச்சு செஞ்சிருக்காரு. இப்ப யாரு செய்றா இதெல்லாம்.

லைப்ரரி_எலி எழுதியது:

கொஞ்சம் பொறுங்க தேவி. இங்க வர்றதுக்கு முன்னாடி அவரு லண்டன்ல கஜானா டிபார்ட்மென்ட்ல பெரிய அதிகாரி. அயர்லாந்துல 1840கள்ல உருளைக்கிழங்கு அழுகி லட்சக்கணக்கான பேர் பஞ்சத்துல செத்தாங்களே, அந்த நிவாரண வேலை அவரு கையிலதான் இருந்துச்சு. ரொம்ப குடுத்தா ஜனங்க சோம்பேறி ஆயிடுவாங்கன்னு கையை இறுக்கிப் பிடிச்சவருன்னு அயர்லாந்துல இன்னைக்கும் அவரு பேரைச் சொன்னா திட்டுவாங்க. ஐரிஷ் பாட்டுல கூட அவரு பேரு வருது. அதே ஆளு இங்க வந்து ஏழைபாழைக்கு பூங்கா போடுறாரு, வரி போடாதேன்னு மேலிடத்தோட சண்டை போடுறாரு. கல்கத்தால ஜேம்ஸ் வில்சன் இந்தியாவுக்கு வருமான வரி கொண்டு வந்தப்ப, இவரு அதை எதிர்த்து எழுதுன குறிப்பை அப்படியே வெளியில விட்டுட்டாரு, பேப்பர்ல வந்துடுச்சு. கவர்னரே இப்படி பண்ணலாமான்னு 1860ல திருப்பிக் கூப்பிட்டுக்கிட்டாங்க. ஒரு வருஷத்துக்கு கொஞ்சம் மேல, அவ்ளோதான் இங்க இருந்தது.

பூங்காவோட ஜாதகம் அங்கயே எழுதியாச்சுன்னு எனக்குத் தோணும். பெத்தவன் ஒரு வருஷத்துல கப்பலேறிட்டான், புள்ளைய வளக்குற பொறுப்பு முனிசிபாலிட்டி தலையில.

கலாய்_மன்னன் எழுதியது:

அங்க கஞ்சி ஊத்தல, இங்க ஊஞ்சல் கட்டிட்டாரு. கணக்கு சரியா போச்சு

திருவொற்றியூர்_தேவி எழுதியது:

நான் இனிமே யாரையும் நல்லவன்னு சொல்ல மாட்டேன் சாமி

பெரியமேடு_பெருசு எழுதியது:

தம்பிங்களா, நான் டைப் பண்றது மெதுவு, பேரன் போன்ல பேசினா அதுவே எழுதிக்குது, தப்பு இருந்தா மன்னிச்சுக்குங்க. எல்லாரும் பூங்கா பூங்கான்றீங்க, எங்க காலத்துல யாரும் அப்படி சொன்னதில்ல, உயிர் காலேஜுன்னுதான் சொல்லுவோம். எழும்பூர் மியூசியம் செத்த காலேஜ், இது உயிர் காலேஜ். ஊர்ல இருந்து சொந்தக்காரன் வந்தான்னா காலைல செத்த காலேஜ், மத்தியானம் சாப்பாடு, சாயங்காலம் உயிர் காலேஜ், மறுநாள் பீச், மூணாம் நாள் வண்டியேத்தி விட்டுடறது, அதான் கணக்கு. எங்க வீட்ல இருந்து நடந்தே போயிடுவோம். ஒரு பொட்டலம் கடலை வாங்கிக்கினு உள்ள போனா, கொரங்கு கூண்டாண்ட நின்னுக்கினு நாங்க துன்றமா அது துன்னுதான்னே தெரியாது. ராத்திரி ஒன்பது பத்து மணிக்கு மேல டிராபிக் சத்தம் அடங்கினதும் சிங்கம் கர்ஜனை பண்றது எங்க தெரு வரைக்கும் கேக்கும். வெளியூர்ல இருந்து வந்து சென்ட்ரல்ல எறங்கற ஆளு புதுசா இருந்தா அப்படியே ஆடிப்போயிடுவான், எங்களுக்கு அது கடிகாரம் மாதிரி, சிங்கம் கத்துச்சா, படுங்கடான்னு எங்கம்மா சொல்லும்.

லைப்ரரி_எலி எழுதியது:

ஐயா, நீங்க சொன்ன ரெண்டு காலேஜும் ஒரே வயித்துல பொறந்தது, தெரியுமா? 1851ல மியூசியம் ஆரம்பிச்சது எழும்பூர்ல இல்ல, நுங்கம்பாக்கம் பக்கம் இன்னைக்கு காலேஜ் ரோடுன்னு சொல்றோமே, அங்க இருந்த செயின்ட் ஜார்ஜ் கோட்டை காலேஜ் கட்டடத்துல. வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு நம்ம ஊர் பாஷைங்க சொல்லிக் குடுத்த காலேஜ் அது. 1854லதான் எழும்பூர்ல பாந்தியன்னு சொல்ற கட்டடத்துக்கு மாறுச்சு. எடம் மாறினாலும் ஜனங்க வாயில "காலேஜ்" ஒட்டிக்கிச்சுன்றது என்னோட கணக்கு.

அந்த மியூசியத்தோட மொத தலைவர் எட்வர்ட் பால்ஃபர், பட்டாள டாக்டர். பாடம் பண்ணி வச்ச மிருகத்தை பாக்க வர்ற கூட்டத்தை விட, மியூசிய காம்பவுண்டுல உயிரோட கட்டிப் போட்டிருந்த புலிக்குட்டியை பாக்க வர்ற கூட்டம் ஜாஸ்தின்னு கவனிச்சிருக்காரு. சரி, ஜனத்துக்கு எது புடிக்குதோ அதைக் குடுப்போம்னு 1855ல அங்கயே ஒரு மிருகக்காட்சி சாலை. ஆற்காடு நவாப் தன்கிட்ட இருந்த மிருகங்களை குடுத்தாரு. அதே 1855ல நவாப் குலாம் கவுஸ் கான் வாரிசு இல்லாம எறந்தும் போயிட்டாரு, கம்பெனிக்காரன் பட்டத்தையே எடுத்துட்டான், அது வேற சோகம். ஒரே வருஷத்துல முந்நூறுக்கு மேல மிருகம் சேந்துடுச்சு. மியூசியத்துக்காரங்களுக்கு சமாளிக்க முடியல, எலும்புக்கூடுக்கு தீனி போட வேணாம், புலிக்கு போடணுமே. 1863ல மொத்தத்தையும் பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாத்தி, முனிசிபாலிட்டி கையில குடுத்தாச்சு. செத்தது எழும்பூர்லயே நின்னுடுச்சு, உயிரோட இருந்தது இங்க வந்துடுச்சு. அதான் உங்க ரெண்டு காலேஜ்.

பெரியமேடு_பெருசு எழுதியது:

அட, இத்தனை வருஷம் அந்தப் பக்கமே இருந்துட்டேன், இது தெரியாம போச்சே. நல்லா இரு தம்பி

கோட்டூர்_குமரன் எழுதியது:

எல்லாரும் சந்தோஷமா பேசறீங்க, நான் ஒரு கெட்ட விஷயம் சொல்றேன். வருஷக் கடைசில இந்தப் பார்க்ல பெரிய கண்காட்சி நடக்கும், பார்க் ஃபேர்னு சொல்லுவாங்க. 1886 டிசம்பர் 31 அன்னைக்கு அதுல தீப்புடிச்சு நூத்துக்கணக்கான பேர் செத்துட்டாங்க. வேடிக்கை பாக்க புதுத்துணி கட்டிக்கிட்டு குடும்பம் குடும்பமா வந்த ஜனம். மெட்ராஸ் ஹிஸ்டரி பத்தி பேசறவங்க மொத உலகப் போர்ல எம்டன் கப்பல் குண்டு போட்டதை ஆயிரம் தடவ சொல்லுவாங்க, அதுல செத்தது விரல் விட்டு எண்ணிடலாம், இதை ஒருத்தரும் பேச மாட்டாங்க. எனக்கே ரொம்ப லேட்டாதான் தெரியும். அதுக்கப்புறமும் ஃபேர் நிக்கல. 1901ல ஆரம்பிச்ச தென்னிந்திய அத்லெடிக் சங்கம் அங்கயே மைதானம் வச்சுக்கிட்டு டிசம்பர் மாசக் கண்காட்சியை ரொம்ப காலம் நடத்திச்சு.

திருவொற்றியூர்_தேவி எழுதியது:

ஐயோ. புதுவருஷத்துக்கு மொத நாளா. இதைப் படிச்சதும் மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

சூளை_வெட்டிப்பய எழுதியது:

நானும் ரெண்டு நிமிஷம் போனை கீழ வச்சுட்டேன் குமரன். சரி, முக்கியமான கேள்வி இன்னும் பாக்கி இருக்கு, 116 ஏக்கர் எங்க போச்சு? எவன் முழுங்குனான்? பேரைச் சொல்லுங்க, திட்டவாவது செய்யலாம்.

வால்டாக்ஸ்_வக்கீல் எழுதியது:

திட்ட ஆள் கெடைக்காது தம்பி, அதான் இதுல உள்ள விசேஷமே. நான் நெலத் தகராறு கேஸ் நெறைய பாத்தவன், ஆக்கிரமிப்புன்னா ராத்திரியோட ராத்திரி குடிசை போடுவான், பட்டா மாத்துவான், ஒரு வில்லன் இருப்பான். இங்க அந்த மாதிரி எதுவுமே இல்ல. ஒவ்வொரு துண்டும் பட்டப்பகல்ல, மாலை மரியாதையோட, அடிக்கல் நாட்டி, கவர்னர் வந்து கைதட்டி எடுத்தது. வரிசையா பாருங்க.

ஊருக்கு ஒரு டவுன் ஹால் வேணும்னு ஊர்ப் பெரிய மனுஷங்க கூடிப் பேசுறாங்க, 1883ல ஆந்திரா பக்கத்து விஜயநகரம் மகாராஜா அடிக்கல் நாட்டுறாரு. எங்க கட்டுறது? பூங்கால எடம் இருக்கே. 57 கிரவுண்டு, அதாவது மூணு ஏக்கருக்கு கொஞ்சம் மேல, 1888 ஏப்ரல்ல இருந்து 99 வருஷ குத்தகை. வாடகை எவ்ளோ தெரியுமா, கிரவுண்டுக்கு எட்டணா. வருஷத்துக்கு மொத்தமா 28 ரூபா சொச்சம். ராபர்ட் சிஸம் வரைபடம், நம்பெருமாள் செட்டியார் கட்டடம், விக்டோரியா ராணி பேரு. தப்புன்னு சொல்ல முடியுமா? பம்மல் சம்பந்த முதலியார் தன்னோட சுகுண விலாச சபையோட நாடகம் போட்டது அங்கதான், 1897ல விவேகானந்தர் பேசினது அங்கதான்.

அடுத்தது மார்க்கெட். பிராட்வே பக்கம் இருந்த பாப்பம் மார்க்கெட் நாறுது, சுத்தமா ஒண்ணு வேணும். கார்ப்பரேஷன் தலைவர் சர் ஜார்ஜ் மூர் 1898ல அடிக்கல், 1900ல தெறப்பு. மூர் மார்க்கெட். தப்பா? இல்ல, ஊருக்கே உபயோகம்.

அப்புறம் கார்ப்பரேஷனுக்கே ஆபீஸ் பத்தல. எர்ரபாலு செட்டி தெருல நெருக்கடியா உக்காந்திருந்தாங்க. 1909 டிசம்பர்ல வைஸ்ராய் மின்டோ பிரபு அடிக்கல், 1913ல ரிப்பன் பில்டிங். லோகநாத முதலியார் கட்டினது, ஏழரை லட்ச ரூபா. இதுலதான் எனக்கு சிரிப்பு வரும். பூங்காவுக்கு காவக்காரன் யாரு? கார்ப்பரேஷன். காவக்காரனே தோட்டத்துக்குள்ள வீடு கட்டிக்கிட்டான், அதுக்கு உள்ளாட்சிய கொண்டாந்த ரிப்பன் பிரபு பேரையும் வச்சான். கட்டடம் அழகுதான், நான் இல்லேன்னு சொல்லல, ராத்திரி லைட்டு போட்டா நின்னு பாக்கத் தோணும்.

அப்புறம் ஸ்டேடியம், அப்புறம் ரயில்வே. யாரும் சொந்த வீடு கட்டிக்கல, யாரும் பணம் அடிக்கல. எல்லாமே பொதுக் காரியம். ஆனா ஒவ்வொரு பொதுக் காரியத்துக்கும் இன்னொரு பொதுக் காரியத்தோட கையை வெட்டி ஒட்டுனாங்க. காலி எடம்னா அது எதுக்கும் உபயோகம் இல்லாம சும்மா கெடக்குதுன்னு நெனைக்கிற புத்தி. மரமும் குளமும் நிக்குறதே உபயோகம்தான்னு ஒருத்தனும் ஃபைல்ல எழுதி வைக்கல.

ரயில்_கிறுக்கன் எழுதியது:

வக்கீல் சார் செம்ம. அந்த 28 ரூபாய்க்கு இன்னைக்கு பார்க் ஸ்டேஷன் வாசல்ல ரெண்டு டீ குடிக்கலாம்

பட்டாளம்_பாலு எழுதியது:

நா ஒத்துக்க மாட்டேன் வக்கீல் சார். பூங்கா போச்சு பூங்கா போச்சுன்னு அழுவுறீங்களே, எங்கள மாதிரி பசங்களுக்கு அந்த ஸ்டேடியம்தான் சார் எல்லாம். நா அங்க ஃபுட்பால் ஆடினவன், காலைல அஞ்சரைக்கு போவோம். எங்க நைனா சொல்லும், அங்க டெஸ்ட் மேட்ச் நடந்துச்சுடான்னு. 1956 ஜனவரில நியூசிலாந்து கூட ஆட்டம், வினு மன்கட் 231, பங்கஜ் ராய் 173, மொத விக்கெட்டுக்கு 413 ரன். ஒலக ரெக்கார்டு சார் அது, 52 வருஷம் எவனும் தொட முடியல, 2008லதான் ஒடஞ்சுது. அப்போ அது கார்ப்பரேஷன் ஸ்டேடியம், சேப்பாக்கம் இல்ல. பூங்கா மண்ணுலதான சார் நடந்துச்சு? ரோஜாச்செடி நட்டு வச்சிருந்தா 413 வந்திருக்குமா? பணக்காரன் காத்து வாங்குறதுக்கு பூங்கா, எங்களுக்கு கிரவுண்டு. ரெண்டும் மக்களுக்குதான்.

வால்டாக்ஸ்_வக்கீல் எழுதியது:

பாலு, உன் பாயிண்ட் நியாயமானது, ஒத்துக்கறேன். ஆட்டம் ஆடுற எடம் பூங்காவுக்கு எதிரி இல்ல, மொதல்லயே டென்னிஸ் கோர்ட்டெல்லாம் இருந்துச்சுன்னு எலி சொன்னாருல்ல. என் கேள்வி ஒண்ணுதான். அப்ப நீ பூட்டுன கேட்டை ஏறிக் குதிச்சியா, இல்ல தெறந்த வாசல்ல உள்ள போனியா?

பட்டாளம்_பாலு எழுதியது:

...ஏறித்தான் குதிச்சோம் சார். செவுத்துல கண்ணாடி ஓடு பதிச்சிருந்துச்சு, முட்டில தழும்பு இன்னும் கீது

பெங்களூர்_தமிழன் எழுதியது:

இங்க கப்பன் பார்க் கதையை கொஞ்சம் சேத்துப் பாருங்க. அது 1870ல வந்தது, உங்க பீப்பிள்ஸ் பார்க்குக்கு 11 வருஷம் தம்பி. ரிச்சர்ட் சாங்கின்னு ஒரு இன்ஜினியர் போட்டது. அதுலயும் உள்ள கட்டடம் கட்டாம இல்ல, ஹைகோர்ட், மியூசியம், லைப்ரரி எல்லாமே பூங்காவ ஒட்டியும் உள்ளயும்தான். ஆனா கட்டடம் பூங்காவுக்குள்ள இருக்கு, பூங்கா கட்டடத்துக்குள்ள மறஞ்சு போகல. சென்ட்ரல் மாதிரி ஒரு ரயில் முனையம் அதோட தலைமாட்டுல வரல, அது ஒரு காரணம். இன்னொண்ணு, 1975ல பூங்காவ காக்குறதுக்குன்னே கர்நாடகால ஒரு சட்டம் போட்டாங்க. அப்படியும் வருஷத்துக்கு ஒரு தடவ ஏதாவது கட்டப் போறாங்கன்னு நாங்க கத்திக்கிட்டேதான் இருக்கோம். கத்தலேன்னா எங்களுக்கும் கப்பன் பார்க் மெட்ரோ ஸ்டேஷன் மட்டும்தான் மிஞ்சும்.

சென்னை_சில்மிஷம் எழுதியது:

மூர் மார்க்கெட் எரிஞ்சதா இல்ல எரிச்சதா, அதைப் பேசுங்க மொதல்ல. எனக்குத் தெரிஞ்சு அதுல யாரு கை இருக்குன்னா

மாடரேட்டர் எழுதியது:

சில்மிஷம், பாதியோட நிறுத்தினதுக்கு நன்றி, மீதிய நான் எடுத்துட்டேன். 1985 மே 30ல எரிஞ்சுது, அது உண்மை. யார் மேலயும் ஆதாரம் இல்லாம இங்க பழி போடக் கூடாது. இழை பூங்காவோட ஆரம்ப காலம் பத்தி, அங்கயே நிக்கட்டும்.

லைப்ரரி_எலி எழுதியது:

மாடரேட்டர் சொன்னது சரி, ஆனா தேதிய மட்டும் ஒரு தடவ பாத்துடலாம். 1985 மே கடைசில மார்க்கெட் போச்சு. அதே வருஷம் ஜூலைல வண்டலூர் உயிரியல் பூங்காவ எம்.ஜி.ஆர். தெறந்து வச்சாரு, உயிர் காலேஜ் மூட்டை கட்டிட்டு அங்க போயிடுச்சு. கூண்டுல அடைஞ்சு கெடந்ததுங்களுக்கு ஆயிரம் ஏக்கருக்கு மேல காடு கெடச்சது நல்லதுதான், புலிய கேட்டா அதுவும் வண்டலூர்னுதான் சொல்லும். ஆனா ஜனங்களை உள்ள இழுத்துக்கிட்டு வந்த ரெண்டு விஷயம், 1863ல இருந்து 122 வருஷமா நின்ன ஜூவும், 1900ல வந்த மார்க்கெட்டும், ஒரே கோடையில காலி. அதுக்கப்புறம் இங்க ஒரு பூங்கா இருந்துச்சுன்னு சொல்ல ஸ்டேஷன் போர்டை விட்டா வேற சாட்சி இல்ல. மார்க்கெட் இருந்த எடத்துல புறநகர் ரயில் முனையம் வந்துச்சு, பேரு மட்டும் மூர்மார்க்கெட் காம்ப்ளெக்ஸ். கடைக்காரங்களுக்கு குளம் இருந்த எடத்துல வளாகம், பேரு அல்லிக்குளம். இப்ப அங்க கோர்ட்டும் இருக்கு. அல்லியும் இல்ல, குளமும் இல்ல.

அந்த 11 குளத்தை அழகுக்கு வெட்டினாங்கன்னு மட்டும் நெனைக்காதீங்க. தாழ்வான நெலம், பக்கத்துலயே கூவம், கால்வாய். மழைத் தண்ணி நிக்க எடம் வேணும். குளத்தை தூத்தா தண்ணி எங்க போவும்? நேரா ரோட்டுக்குத்தான் வரும். நவம்பர்ல பெரியமேடு பக்கம் முட்டி அளவு தண்ணில நிக்கும்போது, ஒரு காலத்துல இதெல்லாம் அல்லி பூத்த தண்ணின்னு நெனைச்சுக்குங்க.

திருவொற்றியூர்_தேவி எழுதியது:

போன மழைக்கு அங்கதான் என் ஸ்கூட்டி நின்னுபோச்சு. இனிமே அல்லி பறிக்கப் போனேன்னு சொல்லிக்கிறேன்

சூளை_வெட்டிப்பய எழுதியது:

எல்லாருக்கும் ஒரு அப்டேட். இன்னைக்கு ஞாயித்துக்கிழமையாச்சா, பொண்ண கூட்டிக்கிட்டு கெளம்பிட்டேன், மிச்சம் மீதி ஏதாவது இருக்கான்னு பாத்துடறதுன்னு. மொதல்ல ஒரு பெரிய கட்டடத்து வாசல்ல நிறுத்திட்டாங்க. என்ன விஷயம்னாரு வாட்ச்மேன். பூங்காவ பாக்கணும்னேன். அவரு என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, பின்னாடி ஒரு ஆபீசரை கூப்பிட்டாரு. அவரு வந்து "பூங்காவா, லெட்டர் வச்சிருக்கீங்களா"ன்னாரு. மக்கள் பூங்காவ பாக்க மக்களுக்கு லெட்டர் வேணுமாம். திரும்பிட்டேன்.

அப்புறம் சுத்திக்கிட்டு மை லேடீஸ் பூங்காவுக்குப் போனோம். எலி சார் முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல, பழைய பூங்காவுல இன்னும் செடி கொடியோட மிஞ்சி இருக்கிற துண்டு அதுன்னு. நான் எத்தனையோ தடவ அந்த வழியா போயிருக்கேன், எவனோ துரைசாணிக்கு வச்ச தோட்டம்னு நெனைச்சுட்டேன். சிமெண்ட் பெஞ்சுல ஒரு தாத்தா பேப்பரை முகத்துல போட்டுக்கிட்டு தூங்குறாரு, ரெண்டு பையன் கிரிக்கெட் ஆடுறான், ஸ்டம்பு இல்ல, மரத்துலயே கரிக்கோடு மூணு. என் பொண்ணு ஒரு மரத்தை கட்டிப்புடிச்சு பாத்தா, கை எட்டல, என்னையும் கூப்பிட்டா, ரெண்டு பேரும் சேந்தும் எட்டல. இந்த மரத்துக்கு எவ்ளோ வயசுன்னு கேட்டா. உங்க தாத்தாவ விட பெருசுன்னேன். அப்ப அது பார்க்க பாத்திருக்குமான்னா. அதுக்கு என்னால பதில் சொல்ல முடியல.

விக்டோரியா ஹால் காம்பவுண்டுல ட்ரெவெலியன் பேருல ஒரு பழைய ஃபவுண்டன் இருக்குன்னு கேள்விப்பட்டேன், அதுக்கு நேரம் பத்தல, இட்லி கேட்டு அழ ஆரம்பிச்சுட்டா.

ரயில்_கிறுக்கன் எழுதியது:

ஃபவுண்டன் இருக்கு. கஞ்சி விஷயத்துல கைய இறுக்கின ஆளுக்கு தண்ணி விஷயத்துல நினைவுச் சின்னம்.

பெரியமேடு_பெருசு எழுதியது:

சூளை தம்பி, அடுத்த ஞாயித்துக்கெழம பொண்ண கூட்டிக்கினு வா, நானும் வரேன். சிங்கக் கூண்டு எங்க இருந்துச்சு, ஒட்டகம் எங்க நின்னுச்சு, நாங்க கடலை வாங்குன கேட்டு எது, நடந்தே காட்டறேன், எடம் மாறிப்போனாலும் என் காலுக்குத் தெரியும்.

சூளை_வெட்டிப்பய எழுதியது:

கண்டிப்பா வரோம் ஐயா. எத்தனை மணிக்கு, எங்க நிக்கட்டும்?

பெரியமேடு_பெருசு எழுதியது:

காலைல ஆறரைக்கே வந்துடு, வெயில் ஏறினா எனக்கு ஆவாது. மூர்மார்க்கெட் டிக்கெட் கவுண்டராண்ட நில்லு. புள்ளைக்கு கடலை நான் வாங்கியாறேன்.